ஃபயர்வால் கடிகாரமும் கோடை நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்துகொண்டு நியூயார்க், லண்டன், சிட்னி அலுவலகங்களின் ஃபயர்வால்களை, அதாவது வலையமைப்புக்குக் காவல் நிற்கும் பெட்டிகளை, பார்த்துக்கொள்ளும் வேலையில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நம் ஊரில் யாரும் கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளுவதில்லை. அதனாலேயே வருடத்துக்கு இரண்டு முறை அந்த ஊர்களில் கோடை நேரத்துக்காக மணி மாறும்போது நமக்குத் தடுமாற்றம் வருகிறது. என்னோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் சிஸ்கோ நிறுவனத்தின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலை வைத்துச் சொல்கிறேன். மற்ற பெட்டிகளைப் பற்றியும் நடுவில் வரும். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், பெட்டியில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டவேண்டும்.

ஃபயர்வாலில் மணி கொஞ்சம் தப்பாக இருந்தால் என்ன? போக்குவரத்து ஒழுங்காகத்தானே போகிறது?

போகும். அதுதான் சிக்கல். மணி தப்பாக இருப்பதால் இணையம் நின்றுபோகாது, யாரும் போன் செய்து திட்ட மாட்டார்கள். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஏதாவது ஊடுருவல் நடந்து, "ராத்திரி எத்தனை மணிக்கு யார் உள்ளே வந்தார்?" என்று கேட்கும் நாளில்தான் தெரியவரும்.

முதலில் இரண்டு தவறுகளைப் பிரித்துப் பாருங்கள். பெட்டிக்குள் ஓடும் உண்மையான கடிகாரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதற்குமேல் நேர மண்டலம், கோடை நேரம் என்று இரண்டு கணக்குகளைப் போட்டு நமக்கு உள்ளூர் மணியாகக் காட்டுகிறது. உள்ளே இருப்பது சரியாக இருந்து, காட்டுவது மட்டும் தப்பாக இருந்தால் பாதிப்பு குறைவு: பதிவுகளை (லாக்) படிக்கும்போது குழப்பம் வரும், நேரம் பார்த்துத் திறக்கும் விதிகள் ஒரு மணிநேரம் தள்ளித் திறக்கும். உள்ளே ஓடுவதே தப்பென்றால் விஷயம் பெரிது. டிஜிட்டல் சான்றிதழ் வைத்து அமைத்த விபிஎன் (இணையம் வழியே போடும் பாதுகாப்பான தனிப் பாதை) விழும், ஏனென்றால் சான்றிதழின் தொடக்கமும் முடிவும் யு.டி.சி.யில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கடிகாரம் ஒரு மணிநேரம் பின்தங்கியிருந்தால், இப்போதுதான் வாங்கிய புதுச் சான்றிதழை 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று பெட்டி தள்ளிவிடும். லாகினைச் சரிபார்க்கும் கெர்பெராஸ் முறை வழக்கமாக ஐந்து நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். கைப்பேசிச் செயலியில் வரும் ஒருமுறைக் கடவு எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. அதை ஃபயர்வாலே சரிபார்க்கிறது என்றால், சில நிமிடம் தப்பினாலே யாரும் உள்ளே வர முடியாது.

என்.டி.பி. (வலையமைப்பு வழியே மணியை ஒத்திசைக்கும் முறை) போட்டுவிட்டேன். கோடை நேரத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளாது. நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

என்.டி.பி. கொண்டுவருவது யு.டி.சி. மட்டுமே. நியூயார்க்கில் இப்போது கோடை நேரமா, பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்ற எதுவும் அது அனுப்பும் தரவுப் பொட்டலத்தில் கிடையாது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் 1980-களில் இதை வடிவமைத்த காலத்திலிருந்தே அப்படித்தான், அது சரியான முடிவும்கூட. உலகம் முழுக்க ஒரே மணி கம்பியில் ஓடட்டும், உள்ளூர்க் கணக்கை அந்தந்தப் பெட்டி போட்டுக்கொள்ளட்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆகவே என்.டி.பி. சரியாக ஓடும்போதே உங்கள் ஃபயர்வால் மார்ச் முதல் நவம்பர் வரை ஒரு மணிநேரம் தப்பாகக் காட்டலாம். அப்படிக் காட்டினால் குற்றம் என்.டி.பி.யில் இல்லை, கோடை நேர வரியில்.

சரி, ஏஎஸ்ஏ-வில் எந்த வரிசையில் அமைப்பது?

மண்டலம் முதலில், கோடை நேரம் அடுத்து, என்.டி.பி. அதற்கடுத்து. என்.டி.பி. இல்லாத இடத்தில் மட்டும் கடைசியாகக் கையால் மணியை வைக்க வேண்டும்.

நியூயார்க் அலுவலகம் என்று வையுங்கள். அமைப்புகளை மாற்றும் கான்ஃபிக் நிலையில் 'கிளாக் டைம்ஸோன் ஈஎஸ்டி -5', அதாவது யு.டி.சி.க்கு ஐந்து மணி பின்னே. அடுத்த வரி 'கிளாக் சம்மர்-டைம் ஈடிடி ரெக்கரிங்'. அப்புறம் 'என்டிபி சர்வர்' என்று தொடங்கி சர்வரின் ஐபி முகவரி, எந்த இன்டர்ஃபேஸ் வழியாகப் போகவேண்டும் என்பதற்கு 'சோர்ஸ்', முதல் விருப்பமாக இருக்க வேண்டியதற்கு 'ப்ரிஃபர்'. கடைசியில் 'ரைட் மெமரி'. இதை மறந்தால் அடுத்த ரீபூட்டில் மண்டலமும் போய்விடும், கோடை நேரமும் போய்விடும், பெட்டி மறுபடி யு.டி.சி. காட்டத் தொடங்கும்.

கையால் வைக்கும் 'கிளாக் செட்' மட்டும் வேறு இனம். அது கான்ஃபிக் கோப்பில் ஏறாது. பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தைத் திருப்புகிறது. வரிசை முக்கியம் என்று நான் சொல்வதும் இதனால்தான். மண்டலம் எதுவும் போடாத பெட்டியில் 'கிளாக் செட்' கொடுத்தால், நீங்கள் தட்டிய மணியை அது யு.டி.சி. என்று எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு மண்டலம் போட்டால் காட்டும் மணி ஐந்து மணிநேரம் நகர்ந்துவிடும். மண்டலமும் கோடை நேரமும் முதலில் இருந்தால், கைக்கடிகாரத்தில் உள்ள உள்ளூர் மணியை அப்படியே தட்டலாம்.

'ரெக்கரிங்' என்று மட்டும் போட்டால் எந்தத் தேதியில் மாறும்?

தேதி எதுவும் கொடுக்காவிட்டால் அமெரிக்க விதியை எடுத்துக்கொள்ளும்: மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குத் தொடக்கம், நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு முடிவு. 2026-இல் அது மார்ச் 8, நவம்பர் 1.

இந்த விதி என்றும் இப்படியே இருந்ததில்லை. 2006 வரை ஏப்ரல் முதல் ஞாயிறில் தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறில் முடிந்தது. 2005-ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் அதை நீட்டியது, 2007-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடம் உலகெங்கும் சிஸ்கோவின் பழைய பிக்ஸ் ஃபயர்வால்கள், ரூட்டர்கள் எல்லாம் பழைய விதியையே மனதில் வைத்திருந்தன. மென்பொருளைப் புதுப்பிக்க முடியாதவர்கள் விதியை முழுதாக எழுதித் தப்பித்தார்கள்: 'கிளாக் சம்மர்-டைம் ஈடிடி ரெக்கரிங் 2 சன் மார் 2:00 1 சன் நவ் 2:00'. இன்றும் நான் இயல்பு விதியை நம்பாமல் இப்படி முழு வரியாகவே எழுதுகிறேன். அடுத்து வருபவர் கான்ஃபிக்கைப் படித்ததும் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெட்டியின் மனதில் உள்ள இயல்பு அவருக்குத் தெரியாது.

லண்டன், ஃப்ராங்க்ஃபர்ட், சிட்னிக்கு என்ன எழுதுவது?

ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடிக்கின்றன. எல்லா நாடும் ஒரே கணத்தில், யு.டி.சி. 1 மணிக்கு மாறுகின்றன. ஆகவே உள்ளூர் மணி ஊருக்கு ஊர் வேறாக வரும். லண்டனுக்கு மண்டலம் சுழி, வரி 'கிளாக் சம்மர்-டைம் பிஎஸ்டி ரெக்கரிங் லாஸ்ட் சன் மார் 1:00 லாஸ்ட் சன் அக் 2:00'; 'அக்' என்ற இடத்தில் அக்டோபரின் ஆங்கிலச் சுருக்கத்தைத் தட்டுங்கள். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு மண்டலம் 1, தொடக்கம் 2:00, முடிவு 3:00. முடிவு மணியைக் கோடை நேரக் கணக்கில் எழுத வேண்டும், அதனால்தான் தொடக்கத்தைவிட ஒன்று கூடுதல்.

'லாஸ்ட்' என்பதற்குப் பதிலாக 4 என்று எழுதும் பழக்கத்தைப் பல கான்ஃபிக்குகளில் பார்த்திருக்கிறேன். பல மாதங்களில் நான்காம் ஞாயிறே கடைசி ஞாயிறு என்பதால் பிழை வெளியே தெரியாது. ஆனால் 2026 மார்ச்சில் ஐந்து ஞாயிறு. நான்காவது 22, கடைசி 29. நான்கு என்று எழுதிய பெட்டி ஒரு வாரம் முன்பே குதித்துவிடும்.

சிட்னிக்கு மண்டலம் 10. அக்டோபர் முதல் ஞாயிறு 2:00 தொடக்கம், ஏப்ரல் முதல் ஞாயிறு 3:00 முடிவு. தொடக்க மாதம் முடிவு மாதத்துக்குப் பிந்தியதாக இருந்தால், பெட்டி இது தென் அரைக்கோளம் என்று புரிந்துகொள்ளும், கவலைப்பட வேண்டாம். பிரிஸ்பேன் உள்ள குவீன்ஸ்லாந்தில் கோடை நேரமே இல்லை. சிட்னி கான்ஃபிக்கை நகலெடுத்து பிரிஸ்பேனில் ஒட்டாதீர்கள். அமெரிக்காவிலும் இதே கதை உண்டு: அரிசோனாவில் நவஹோ பகுதியைத் தவிர்த்து மற்ற இடங்களில் கோடை நேரம் கிடையாது, ஹவாயில் அறவே கிடையாது.

நகர்வு எப்போதும் ஒரு மணிநேரம்தானா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹாவ் தீவு அரை மணிநேரம்தான் நகர்கிறது. வரியின் கடைசியில் நிமிடக் கணக்கு எழுத ஒரு இடம் இருக்கிறதே, அது இப்படிப்பட்ட ஊர்களுக்காக. எழுதாவிட்டால் 60.

கோடை வந்ததும் மண்டலத்தை -5 இலிருந்து -4 ஆக்கிவிட்டேன். மணி சரியாகத்தான் காட்டுகிறது. தப்பா?

இன்றைக்குச் சரி, நவம்பரில் தப்பு. அன்றைக்கு நீங்கள் விடுப்பில் இருக்கலாம், வேலை மாறியிருக்கலாம். இன்னொரு அபாயமும் இருக்கிறது. யாராவது பார்த்துவிட்டு "கோடை நேர வரி விட்டுப்போயிருக்கிறதே" என்று நல்ல மனதோடு சேர்ப்பார். இரண்டும் சேர்ந்து ஒரு மணிநேரம் கூடுதலாக ஓடும்.

இதைவிட மோசமானது, மண்டலத்தையும் தொடாமல் 'கிளாக் செட்' கொடுத்து மணியையே ஒரு மணிநேரம் முன்னே தள்ளுவது. அப்போது உள்ளே இருக்கும் யு.டி.சி.யே கெட்டுப்போகிறது. என்.டி.பி. ஓடினால் அது பின்னே இழுக்கப் பார்க்கும். பல கருவிகளுக்குள் ஓடும் மூல என்.டி.பி. மென்பொருள் 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால், விதிவிலக்குச் சொல்லித் தொடங்கியிருந்தாலொழிய, திருத்தாமல் நின்றுவிடும். ஒரு மணிநேரம் என்பது 3600 விநாடி. நீங்கள் கோடை நேரத்துக்காகச் செய்த ஒரு கைவேலை என்.டி.பி.யையே படுக்க வைத்துவிடலாம்.

ஃபயர்வாலை உள்ளூர் மணியில் வைப்பதா, யு.டி.சி.யிலேயே விட்டுவிடுவதா?

ஒரே ஊரில் ஒரே அலுவலகம், பார்ப்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள், காலை 9 முதல் மாலை 6 வரை என்று விதிகள் இருக்கின்றன என்றால் உள்ளூர் மணி. இரண்டு நாடுகளில் பெட்டிகள், பதிவுகள் எல்லாம் ஒரே சர்வரில் சேருகின்றன என்றால் யு.டி.சி. எனக்கு இதில் தயக்கமே இல்லை.

காரணம் சொல்கிறேன். பதிவுகளைச் சர்வருக்கு அனுப்பும் பழைய சிஸ்லாக் வடிவத்தில் வருடமும் கிடையாது, மண்டலமும் கிடையாது. மாதம், தேதி, மணி அவ்வளவுதான். சேகரிக்கும் சர்வர் அதை எந்த ஊர் மணி என்று ஊகித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வழக்கமாக ஐந்து மணி வித்தியாசம், ஆனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் நான்குதான். ஒரு ஊர் மாறிவிட்டது, இன்னொன்று மாறவில்லை. அந்த வாரங்களில் இரண்டு ஃபயர்வால்களின் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அம்பு பாய்வதற்கு முன்பே காயம் பட்டதுபோல் இருக்கும்.

ஏஎஸ்ஏ 9.10 பதிப்பிலிருந்து ஒரு நல்ல வழி இருக்கிறது. 'லாகிங் டைம்ஸ்டாம்ப் ஆர்எஃப்சி5424' என்று போட்டால், பெட்டி உள்ளூர் மணியைக் காட்டினாலும் பதிவு வரியில் வருடத்தோடு யு.டி.சி. மணி போகும். உள்ளூர் விதிகளும் பிழைக்கும், பதிவுகளும் பிழைக்கும். பதிப்பு இடம் கொடுத்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன். போடுவதற்கு முன் உங்கள் பதிவுச் சர்வர் அந்த வடிவத்தைப் படிக்கிறதா என்று ஒரு பெட்டியில் சோதியுங்கள்.

நவம்பர் ஞாயிறன்று ஒரே மணி இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. பெட்டியில் கோளாறா?

கோளாறு இல்லை. அமெரிக்காவில் அன்று அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 1 மணிக்குத் திரும்புகிறது. 1:00 முதல் 1:59 வரை இருமுறை ஓடுகிறது. மார்ச்சில் இதற்கு நேர்மாறு: 1:59-க்கு அடுத்த நிமிடம் 3:00. 2:30 என்ற ஒரு மணி அந்த நாளில் இருப்பதே இல்லை.

இந்த இருமுறை ஓடும் ஒரு மணிநேரத்தில் நான் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில், ஊழியர் ஒருவரின் கணக்கில் 1:20-க்கு விபிஎன் லாகின், 1:50-க்கு வெளியேற்றம், 1:10-க்கு உள்ளே ஒரு சர்வரில் கோப்பு நகல். நகல் முதலில், லாகின் பிறகு என்று படித்தோம். அதனால் வேறொருவர் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறார் என்று முடிவுகட்டி, ஆளைத் தேடினோம். விடியும்போதுதான் புரிந்தது: லாகின் முதல் 1:20, கோப்பு நகல் இரண்டாம் 1:10. ஐம்பது நிமிடம் கழித்து நடந்தது, பத்து நிமிடம் முன்பு நடந்ததாகத் தெரிந்திருக்கிறது. வெளியேற்றமும் இரண்டாம் 1:50. பாவம், அந்த ஊழியர் தன் வேலையைத்தான் செய்திருந்தார். அவரை நாங்கள் சில மணிநேரம் சந்தேகப்பட்டது இன்றும் என் மனதில் உறுத்துகிறது. பதிவுகளில் யு.டி.சி. இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

நேரம் பார்த்துத் திறக்கும் விதிகளுக்கும் இரவு வேலைகளுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

ஏஎஸ்ஏ-வில் 'டைம்-ரேஞ்ச்' வைத்து எழுதும் விதிகள் பெட்டி காட்டும் உள்ளூர் மணியைப் பார்த்தே திறந்து மூடும். கோடை நேர வரி சரியாக இருந்தால் நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. பெட்டி யு.டி.சி.யில் இருந்தால் மட்டும், உள்ளூர் 9 மணி என்பது யு.டி.சி.யில் குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று மாறும். அப்போது விதியை வருடம் இருமுறை கையால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

காப்பு எடுப்பது, ரீபூட் போன்ற வேலைகளை ஞாயிறு அதிகாலை 1 முதல் 3 மணிக்குள் வைக்காதீர்கள். மார்ச்சில் ஓடாமல் போகலாம், நவம்பரில் இருமுறை ஓடலாம்.

என் ஃபயர்வால் இந்தியாவில்தான் இருக்கிறது. கோடை நேரம் பற்றி நான் யோசிக்கவே வேண்டாமா?

வேண்டாம். 'கிளாக் டைம்ஸோன் ஐஎஸ்டி 5 30', அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த 30-ஐ மறக்காதீர்கள். வெறும் 5 என்று போட்டு அரை மணிநேரம் பின்தங்கிய பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். ஐஎஸ்டி என்ற பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு. ஏஎஸ்ஏ அதை வைத்து எந்தக் கணக்கும் போடாது. இஸ்ரேலும் அயர்லாந்தும்கூட அதே மூன்றெழுத்தைத் தங்கள் மணிக்கு வைத்திருக்கின்றன. கணக்கு எண்ணில்தான் இருக்கிறது.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு கடமை உண்டு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான 'சிஇஆர்டி-இன்' 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி, கருவிகளின் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையமான என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகமான என்பிஎல் நடத்தும் என்.டி.பி. சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். பல நாடுகளில் கிளை உள்ளவர்கள் வேறு நல்ல மூலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது இவற்றிலிருந்து விலகக்கூடாது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே ஆணை சொல்கிறது. 180 நாள் வைத்திருக்கும் பதிவில் மணி தப்பாக இருந்தால் அந்தச் சேமிப்பால் யாருக்கும் பயனில்லை.

இலங்கையும் இன்று 5:30 தான், கோடை நேரம் இல்லை. ஆனால் அங்கே 1996 மே மாதம் மணி 6:30-க்குத் தள்ளப்பட்டது, அதே அக்டோபரில் 6:00 ஆனது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5:30-க்கு வந்தது. எங்காவது ஒரு பழைய பெட்டியின் பட்டியலில் கொழும்புக்கு 6 மணி என்று கண்டால், அது அந்தக் காலத்து எச்சம் என்று புரிந்துகொண்டு 5:30-ஐ எடுங்கள்.

என்.டி.பி. சர்வர் எத்தனை வேண்டும்? எங்கே இருக்க வேண்டும்?

இரண்டு வைத்தால் அவை முரண்படும்போது எது சரி என்று பெட்டிக்குத் தெரியாது. மூன்று இருந்தால் ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். நான்கு இருந்தால், ஒன்று படுத்துப்போன நேரத்தில்கூட அந்தக் காவல் மிஞ்சும். உள்ளே மூன்று நான்கு சர்வர்களை வெளி மூலத்தோடு ஒத்திசைத்து, ஃபயர்வாலும் சுவிட்சுகளும் அவற்றிடம் கேட்கும்படி வைப்பது நல்லது. என்.டி.பி. பயன்படுத்தும் யு.டி.பி. 123 போர்ட்டை வெளியிலிருந்து வரும் எல்லாருக்கும் திறந்துவிடாதீர்கள். 2013, 2014-இல் திறந்துகிடந்த என்.டி.பி. சர்வர்களின் 'மான்லிஸ்ட்' (தன்னோடு பேசியவர்களின் பட்டியலை அனுப்பும்) வசதியை வைத்துத்தான் பெரும் தாக்குதல்கள் நடந்தன. மணி தருவது உண்மையான சர்வர்தானா என்று சாவி வைத்துச் சரிபார்ப்பதையும் போட்டுவிடுங்கள்; இல்லையென்றால் வழியில் ஒருவர் பொய் மணி கொடுக்கலாம்.

எங்கே என்பதற்கு, நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். ஒரு கிளை அலுவலகம். தலைமையகத்தோடு சான்றிதழ் வைத்த விபிஎன் சுரங்கம், என்.டி.பி. சர்வர் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம். பல வருடம் நன்றாக ஓடியது. ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. ஃபயர்வாலுக்குள் இருந்த காசு வடிவ பேட்டரி முன்பே செத்திருந்தது. பெட்டி பல வருடம் பழைய தேதியோடு எழுந்தது. அந்தத் தேதியில் சான்றிதழ் செல்லுபடியாகாது, ஆகவே சுரங்கம் எழவில்லை. சுரங்கம் இல்லாமல் என்.டி.பி. இல்லை. என்.டி.பி. இல்லாமல் தேதி திருந்தாது. கிளையில் இருந்த கணக்காளரைப் போனில் வைத்துக்கொண்டு, கன்சோல் கேபிளைச் செருகச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி 'கிளாக் செட்' தட்ட வைத்தோம். அவர் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அன்றிலிருந்து, ஒரு என்.டி.பி. சர்வராவது சுரங்கம் இல்லாமலே எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மற்ற ஃபயர்வால்களில்?

பாலோ ஆல்டோ, பிஎஃப்சென்ஸ் போன்றவற்றில் விதியை நீங்கள் எழுத வேண்டாம். அமெரிக்கா/நியூயார்க், ஆசியா/கொல்கத்தா என்று ஊர்ப் பெயரில் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், கோடை நேரம் அதோடு வந்துவிடும். ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஈஎஸ்டி என்ற சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் கோடை நேரம் வராமல் போகலாம், கவனம். பிஎஃப்சென்ஸில் இன்னொரு கண்ணி: பட்டியலில் 'ஈடிசி/ஜிஎம்டி+5' என்று இருப்பது உண்மையில் யு.டி.சி.க்கு ஐந்து மணி பின்தங்கியது. கூட்டலும் கழித்தலும் அங்கே தலைகீழ். ஃபோர்டிகேட்டின் பழைய பதிப்புகளில் மண்டலத்தோடு கோடை நேரத்துக்குத் தனியாக ஒரு தேர்வு உண்டு. மண்டலத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

ஊர்ப் பெயரில் வைத்துவிட்டால் அப்புறம் கவலையே இல்லையா?

ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருள், புதிதாக இருக்கும் வரை. ஊர்ப் பெயருக்குப் பின்னால் இருப்பது, பல தன்னார்வலர்கள் உழைப்பில் வளரும், ஐஏஎன்ஏ என்ற இணைய அமைப்பின் நேர மண்டலத் தரவுத்தளம். ஒரு நாடு சட்டம் மாற்றினால் அவர்கள் திருத்துவார்கள். அது உங்கள் பெட்டிக்கு ஃபர்ம்வேர் வழியாகத்தான் வரும். நாடுகள் மாற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. துருக்கி 2016-இல் கோடை நேரத்திலேயே நிலைத்துவிட்டது. பிரேசில் 2019-இல் கைவிட்டது. மெக்சிகோ 2022 அக்டோபரில் பெரும்பகுதியில் ஒழித்தது, அமெரிக்க எல்லையோர நகராட்சிகள் சிலவற்றைத் தவிர. எகிப்து 2023-இல் மறுபடி கொண்டுவந்தது. மொராக்கோ ரமலான் மாதத்தில் மட்டும் மணியைப் பின்னே வைக்கிறது. ரமலான் பிறையைப் பொறுத்து நகர்வதால், 'ரெக்கரிங்' வரியால் அதைச் சொல்லவே முடியாது. ஏஎஸ்ஏ-வில் அதற்கு 'டேட்' என்ற வடிவம் இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் தேதிகளை நேராக எழுத வேண்டும். அமெரிக்கச் செனட் 2022 மார்ச்சில் கோடை நேரத்தை நிரந்தரமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அது கீழ்ச்சபையைத் தாண்டவில்லை.

பழைய ஃபர்ம்வேர் உள்ள மெக்சிகோ சிட்டி பெட்டி 2023 ஏப்ரலில் தானாக ஒரு மணிநேரம் குதித்திருக்கும். அங்கே கிளை உள்ளவர்கள் ஃபர்ம்வேர் குறிப்புகளில் நேர மண்டலத் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஏஎஸ்ஏ-வில் 'ஷோ கிளாக் டீட்டெய்ல்'. மணி எங்கிருந்து வருகிறது, கோடை நேரம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று அதுவே சொல்லும். அந்தத் தேதிகளை நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள்; ஞாயிறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறகு 'ஷோ என்டிபி ஸ்டேட்டஸ்'. ஒத்திசைந்தது என்று வர வேண்டும். ஸ்ட்ரேட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண்) 16 என்றால் ஒத்திசையவில்லை. 'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்' பட்டியலில் ஒரு சர்வர் முன்னால் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும், பெட்டி பின்பற்றுவது அதைத்தான். புதிதாகப் போட்ட உடனே வராது, சில நிமிடம் பொறுங்கள்.

ஃபெயில்ஓவர் ஜோடி (ஒன்று விழுந்தால் மற்றது ஏற்றுக்கொள்ளும் இரண்டு பெட்டிகள்) என்றால் இரண்டு பெட்டியிலும் தனித்தனியாகப் பாருங்கள். பல கான்டெக்ஸ்ட் உள்ள, அதாவது ஒரே பெட்டியைப் பல ஃபயர்வால்களாகப் பிரித்த, ஏஎஸ்ஏ-வில் மணியை சிஸ்டம் பகுதியில்தான் அமைக்க முடியும்.

ஏற்கெனவே மூன்று மாதப் பதிவுகள் ஒரு மணிநேரம் தப்பாக இருக்கின்றன. திருத்திவிடலாமா?

தயவுசெய்து மூலப் பதிவைத் தொடாதீர்கள். நாளைக்கு அது சாட்சியமாகப் போகவேண்டியிருந்தால், கைபட்ட பதிவை யாரும் ஏற்க மாட்டார்கள். தவறு எந்த நாள் எந்த மணிக்குத் தொடங்கியது, எப்போது திருத்தப்பட்டது, எவ்வளவு வித்தியாசம், முன்னேயா பின்னேயா, எந்தப் பெட்டி என்று ஒரு குறிப்பு எழுதி, பதிவுகள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். திருத்தும் நேரத்தில் 'ஷோ கிளாக் டீட்டெய்ல்' வெளியீட்டை முன்னும் பின்னும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடுவதற்கு வசதி வேண்டுமென்றால், நகல் ஒன்றில் யு.டி.சி.க்கு மாற்றிய மணியைத் தனிப் புலமாகச் சேர்க்கலாம். தொடக்கத் தேதி தெரியவில்லையென்றால், ஃபயர்வாலும் வேறொரு சர்வரும் ஒரே நிகழ்வைப் பதிந்த வரிகளைத் தேடுங்கள், ஒரு விபிஎன் லாகினும் அதே ஆளின் டொமைன் லாகினும் போல. நாள் நாளாகப் பின்னோக்கிப் போனால், வித்தியாசம் மறையும் இடம் கிடைத்துவிடும்.